பட்டறைப் பதில்கள்: அளவு சரி, சத்தம் மட்டும் போகவில்லை

கேள்வி: அப்பா வைத்திருந்த அம்பாசடர் பெட்ரோல் கார் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. என்ஜின் மேல்பக்கம் ஓயாமல் 'டிக் டிக்' சத்தம். பலமுறை டேப்பெட் அட்ஜஸ்ட் செய்தாகிவிட்டது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்த்தால் எட்டு வால்விலும் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கச்சிதமாக இருக்கிறது. புஷ் ராட், ராக்கர் ஆர்ம் இரண்டையும் புது செட்டாக மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா, ஐயா?
- வாசகர், காரைக்குடி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அளவு சரியாக இருந்தும் சத்தம் வருகிறதென்றால், அளவெடுத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் காரில் இருப்பது 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வகை என்ஜின் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பிற்காலத்தில் வந்த 1.8 லிட்டர் இசுசு என்ஜின் என்றால் அதன் அமைப்பே வேறு. பழைய என்ஜினில் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கவைக்கும் மேடுகள் உள்ள சுழல்தண்டு) கீழே, பிளாக்குக்குள் இருக்கிறது. கேம் டேப்பெட்டைத் தூக்க, டேப்பெட் புஷ் ராட் என்ற கம்பியைத் தூக்க, சீசா பலகைபோல் ஆடும் ராக்கரின் மறுமுனை இறங்கி வால்வைத் திறக்கிறது. அந்த முனை வருடக்கணக்காக வால்வுத் தண்டின் தலையில் ஒரே இடத்தில் பட்டுப் பட்டு, அம்மியின் நடுப்பகுதி குழிவதைப்போலக் குழிந்துவிடும். ஃபீலர் கேஜின் தகடோ தட்டையானது. அது குழிக்குள் இறங்காது, விளிம்புகளின் மேலேயே படுத்துக்கொள்ளும். குழி 8 தௌ ஆழம் இருந்தால், கேஜ் 15 என்று சொல்லும்போது உண்மையான இடைவெளி 23. அப்புறம் சத்தம் எப்படி நிற்கும்?

சத்தம் எந்த வால்வில் என்று முதலில் கண்டுபிடியுங்கள். டேப்பெட் கவரைக் கழற்றிவிட்டு என்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய கேஜ் தகடு ஒன்றை ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் செருகிப் பாருங்கள். எந்த இடத்தில் செருகியதும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் ஆள். சட்டைக் கையை மடித்துவிட்டுச் செய்யவும். ஃபேன் பக்கத்திலேயே சுற்றுகிறது. எல்லா ராக்கருக்கும் எண்ணெய் வந்து கசிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். காய்ந்து கிடக்கும் ராக்கர் ஒன்று இருந்தால், ராக்கர்கள் மாட்டியிருக்கும் ஷாஃப்டின் துளை கசடு ஏறி அடைபட்டிருக்கும். எதில் செருகினாலும் சத்தம் மாறவில்லையா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (புகைக் குழாய் என்ஜினோடு சேரும் பகுதி) கேஸ்கெட்டைக் கவனியுங்கள். அங்கே கசிந்தாலும் இதே 'டிக் டிக்'தான் கேட்கும்; பெரும்பாலும் என்ஜின் சூடேறியதும் குறையும்.

ஆள் கிடைத்த பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு, அந்த ராக்கரின் அட்ஜஸ்டிங் ஸ்குருவை நன்றாகத் தளர்த்தி, புஷ் ராடின் கிண்ணத்திலிருந்து விடுவித்து, ஸ்பிரிங்கை அழுத்தி ராக்கரைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். முனையை நகத்தால் தடவினால் போதும், குழி இருந்தால் நகம் தட்டும். ராக்கரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ராக்கருக்கு உள்ளே இருக்கும் புஷ் (bush, உள்வளையம்) தேய்ந்திருக்கிறது, அல்லது ஷாஃப்டே தேய்ந்திருக்கிறது. இங்கே பலர் ஏமாறுவதுண்டு. மேலிருந்து பார்த்தால் ஷாஃப்ட் புதிதுபோல் மின்னும். ஒருபக்கம் புஷ் ராடும் மறுபக்கம் வால்வு ஸ்பிரிங்கும் ராக்கரை மேல்நோக்கித் தள்ளுவதால், தேய்மானம் முழுவதும் ஷாஃப்டின் அடிப்பக்கத்தில்தான் விழும். கழற்றித் திருப்பிப் பார்க்காமல் தெரியாது. தேய்ந்த ஷாஃப்டில் புது ராக்கர் செட்டை மாட்டுவது வீண் செலவு.

ஷாஃப்டைக் கழற்றுவதானால் ஒரு எச்சரிக்கை. இந்த என்ஜினில் ராக்கர் தாங்கிகளைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுகள் நான்கும் சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்தே பிடித்திருக்கின்றன. அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் ஒருபக்கமாக இழுபட்டு வளையும், கேஸ்கெட் போகும், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திய பிறகுதான் ஷாஃப்டில் கை வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் நேராக ஸ்பானரைப் போடுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

புஷ் ராடுகளை உருவும்போது விரலால் திருகி அசைத்து எடுங்கள். எண்ணெயின் பிடிப்பில் டேப்பெட்டும் சேர்ந்து மேலே வந்து, தன் குழியிலிருந்து விலகிச் சாய்ந்துவிட்டால், அதைச் சரிசெய்ய என்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகச் செருகி வைத்தால், எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பப் போகும். ஒவ்வொன்றையும் கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். வளைந்தது தத்தித் தத்திப் போகும். உங்கள் காரில் எட்டும் நேராக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. நேராக இருந்து, மேல் கிண்ணமும் கீழ்க் குண்டும் வழவழப்பாக இருந்தால் அவற்றை மாற்றாதீர்கள்.

முனையில் குழி லேசாக இருந்தால் அதே வளைவில் தீட்டிக்கொள்ளலாம். ஆழமாக இருந்தால் ராக்கரை மாற்றுவதே நல்லது. கடினப்படுத்தியது மேல்தோல் மட்டும்தான், அதற்குக் கீழே தீட்டினால் சீக்கிரமே மறுபடி குழியும்.

மறுபடி அளவு வைக்கும்போது ஒன்பது கணக்கைப் பின்பற்றுங்கள். எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வு, ஆறு திறந்திருக்கும்போது மூன்று. எப்போதும் கூட்டினால் ஒன்பது. உங்கள் வண்டியில் என்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டில் இருக்குமே, பிளக்குகளைக் கழற்றிவிட்டால் லேசாகச் சுற்றும். அளவு சூடான நிலைக்கா, ஆறிய நிலைக்கா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தத்தை அடக்குவதற்காக இடைவெளியை மட்டும் குறைக்காதீர்கள். வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும், சத்தமே இல்லாமல்.

கேள்வி: பல வருடம் ஷெட்டில் நின்ற பிரீமியர் பத்மினியை ஸ்டார்ட் செய்தோம். சிறிது நேரத்தில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தால் ஒரு ராக்கர் லொடலொடவென்று ஆடுகிறது. புஷ் ராட் வளைந்திருக்கிறது. நிமிர்த்திப் போட்டால் ஓடுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஓடும், மறுபடி வளையும் வரை. அடிபட்டது புஷ் ராட், அடித்தது வால்வு. நெடுநாள் நின்ற வண்டியில் துருவும் பழைய பெட்ரோலின் பிசினும் சேர்ந்து வால்வுத் தண்டை அதன் கைடிலேயே (தண்டு ஏறி இறங்கும் குழாய்) ஒட்டவைத்துவிடும். கேம் தூக்குகிறது, வால்வு அசைய மறுக்கிறது, நடுவில் மாட்டிய மெல்லிய கம்பி வளைகிறது. அந்த வால்வின் தலையை மரச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். இறங்கித் துள்ளித் திரும்பினால் சரி. மந்தமாக வந்தாலோ வராமலே போனாலோ ஹெட்டை இறக்கி கைடைச் சுத்தம் செய்ய வேண்டும். மற்ற ஏழு வால்வுகளையும் இப்படியே பார்க்காமல் விடாதீர்கள். புஷ் ராட் புதிது போடுங்கள். ஒருமுறை வளைந்த இடம் பலம் இழந்துவிட்டது.

கேள்வி: எனது மாருதி 800இல் இழுவை குறைந்துவிட்டது. புஷ் ராட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் காரில் புஷ் ராட் என்ற பொருளே கிடையாது, அம்மா. கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருந்து ராக்கரை நேராக அசைக்கிறது. வேறு பட்டறைக்குப் போய், முதலில் சிலிண்டர்களின் கம்ப்ரஷனை (உள்ளே ஏறும் அழுத்தத்தை) அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.