கீசர் சேஃப்டி வால்வு சொட்டுவது பற்றி
கீசரின் சேஃப்டி வால்வு (அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் வால்வு) சொட்டுகிறதே, அடைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வால்வை அடைக்காதீர்கள், பிளம்பரே சொன்னாலும் சரி. கீசர் சூடாகும்போது மட்டும் சொட்டுகிறது என்றால் அது கோளாறே இல்லை. 25 லிட்டர் தண்ணீர் 65 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 400 மில்லி பெருகும். அந்தக் கூடுதல் தண்ணீர் வந்த வழியே திரும்ப முடியாததால் வால்வு வழியாகக் கசிகிறது. அடைத்தால் டாங்கே வெடிக்கலாம்.

இரவு சுவிட்சை அணைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். ஆறிய பின்னும் சொட்டினால், உங்கள் வீட்டில் பல்லடம் போர்வெல் தண்ணீர் என்கிறீர்களே, உப்புப் படிந்து வால்வு சரியாக மூடாமல் இருக்கும். புது வால்வே போட்டுவிடுங்கள். (உப்புக் குறைவான சிறுவாணித் தண்ணீர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.)

அப்புறம், அந்த வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் வேறு கேட் வால்வு (தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு) இருக்கவே கூடாது. பழைய வால்வைக் கழற்றும் முன் எம்சிபியை (மின்பெட்டியில் கீசருக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கி, தண்ணீரையும் ஆறவிடுங்கள்.