கிங்கையும் மால்கம் எக்ஸையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேசிய மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ் இருவரும் கேட்பவர்களை எப்படித் தம் பக்கம் இழுக்கிறார்கள் என்று ஒப்பிட்டு அசைன்மென்ட் எழுதச் சொன்னார்கள். கிங் அன்பால் பேசினார், மால்கம் கோபத்தால் பேசினார் என்று எழுதினேன். ஆழம் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஈதோஸ் (பேச்சாளர் மேல் வரும் நம்பிக்கை), பேதோஸ் (உணர்ச்சி), லோகோஸ் (தர்க்கம்) மூன்றையும் சேர்த்து எழுதினால் போதுமா?

பதில்: போதாது. அந்த மூன்று சொற்களைத் தொடாமலே நல்ல ஒப்பீடு எழுத முடியும். இருவரும் எப்படிப்பட்டவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன பேசினார்கள் என்று எழுதவில்லை. சிக்கல் அங்கேதான்.

ஆளுக்கு ஒரு பேச்சு போதும். கிங்குக்கு, 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் பேசிய ‘எனக்கொரு கனவு’. மால்கமுக்கு, 1964 ஏப்ரல் 3 அன்று கிளீவ்லாந்தில் ஒரு தேவாலயத்தில் பேசிய ‘வாக்குச்சீட்டா, தோட்டாவா’. இடையே ஏழு மாதம்தான். இரண்டிலும் கடன் பற்றிய பேச்சு வருகிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா கறுப்பின மக்களுக்குக் கொடுத்த காசோலை, கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது என்கிறார் கிங். கையோடு, நீதியின் வங்கி திவாலாகிவிட்டதாக நாங்கள் நம்ப மாட்டோம் என்றும் சொல்கிறார். எதிரே சுமார் இரண்டரை லட்சம் பேர், அவர்களில் வெள்ளையரும் உண்டு. தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. கடன் வைத்தவருக்கு வெட்கம் வர வேண்டும், ஆனால் அவர் எழுந்து போய்விடவும் கூடாது. ஒரே உவமையில் இரண்டையும் செய்துவிடுகிறார்.

மால்கமோ, 310 ஆண்டுகள் ஒரு காசு வாங்காமல் உழைத்தோம், அது நாம் போட்ட முதல் என்கிறார். அவர் வங்கியோடு பேசவில்லை, கூலி வர வேண்டியவர்களோடு பேசுகிறார். நண்பர்களே, எதிரிகளே என்று அழைத்து, இங்கே எல்லோரும் நண்பர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் சாப்பிட்டதாக ஆகாது, தட்டில் இருப்பதில் கொஞ்சமாவது வாய்க்குள் போக வேண்டும் என்கிறார். நம் வீட்டுப் பெரியவர் பேசுவது போன்ற பேச்சு அது. கிங் கடன்பட்டவரையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு பேசுகிறார்; மால்கம் கடன் கொடுத்தவரிடம் மட்டும் பேசுகிறார். உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு இதுதான். மற்ற உத்திகள் எல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

அப்புறம், ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் பணம் வாங்கிக்கொண்டு அசைன்மென்ட் எழுதித் தருபவர்களிடமும், ஜெராக்ஸ் கடை நோட்ஸிடமும் போகாதீர்கள். என்னிடம் மாணவர்கள் கொண்டுவந்த பிரதிகளில் பாதிக்கு மேல் ஒரே தவறு: கிங் என்றால் அகிம்சை, மால்கம் என்றால் வன்முறை. ரத்தம் சிந்தாமல் புரட்சி நடக்க இந்த நாட்டில் வழி இருக்கிறது, கறுப்பருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தால் போதும் என்று அதே கிளீவ்லாந்து பேச்சில் மால்கம் சொல்கிறார். தலைப்பில் வாக்குச்சீட்டுதான் முதலில் வருகிறது. இன்னொன்று, அதே தலைப்பில் ஏப்ரல் 12 அன்று டெட்ராய்ட்டிலும் பேசினார். நோட்ஸ்காரர்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். எந்த ஊர்ப் பேச்சு என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

பேச்சில் இருப்பதெல்லாம் பேச்சாளர் திட்டமிட்டு வைத்தது என்று எடுத்துக்கொண்டு எழுதலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கூடாது. கிங்கின் ‘எனக்கொரு கனவு’ என்று திரும்பத் திரும்ப வரும் பகுதி அன்று கையில் வைத்திருந்த உரையில் இல்லை. கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அருகில் இருந்த பாடகி மஹேலியா ஜாக்சன் குரல் கொடுத்தார்; கிங்கும் தாளை விட்டுவிட்டார். எனவே, உச்சத்தைக் கடைசிக்கென்று எழுதி வைத்திருந்தார் என்று எழுதினால் தவறு. அந்த நிமிடத்தில் பிறந்தது என்று எழுதினாலும் தவறு, ஏனென்றால் அதே கனவை 1963 ஜூனில் டெட்ராய்ட்டில் பேசியிருக்கிறார். பழகிய சரக்கு, திட்டமிடாத இடம். தேவாலயப் பிரசங்கிகள் இப்படித்தான் பேசுவார்கள். கூட்டம் குரல் கொடுக்கும், அவர் அதற்கேற்பத் திரும்புவார். இதற்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

காதால் கேட்க வேண்டிய இந்தப் பேச்சுகளை ஒருமுறைகூட வகுப்பில் ஒலிக்கவிடாமல், பத்துப் பக்கம் எழுதி வா என்று அனுப்புகிறார்கள். பக்கக் கணக்குப் பார்த்து மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் நோட்ஸ் கடைக்குத்தான் போவார்கள். முப்பது வருடமாகச் சொல்கிறேன், மாறவில்லை.

சரி, இன்று இரவே இரண்டு பேச்சுகளையும் கேளுங்கள். கூட்டம் கைதட்டும் இடங்களையும் சிரிக்கும் இடங்களையும் தனித்தனியே குறித்து வைத்துக்கொண்டு எழுத உட்காருங்கள்.