கோஷமும் கோஷரும்

கேள்வி: நூறாண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் குடியேறிய ஏழை யூதர்கள் கொடி பிடிக்காமல், கோஷம் போடாமல், உழைத்தே முன்னேறினார்கள். இன்றைய குடியேறிகள் அவர்களிடம் பாடம் கற்க வேண்டாமா?

பதில்: தாராளமாகக் கற்கலாம், ஆனால் அந்தப் பாடத்தைத் தாங்கள் படித்ததாகத் தெரியவில்லை. கோஷம் போடவில்லை என்கிறீர்கள். கோஷர் இறைச்சிக்காகவே (யூத மத விதிப்படி அறுக்கப்பட்டது) கோஷம் போட்டவர்கள் அவர்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த, நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், 1902ஆம் ஆண்டு, பவுண்டு 12 சென்டாக இருந்த கோஷர் இறைச்சியின் விலை 18 சென்டாக ஏறியது. மொத்த வியாபாரிகளை எதிர்த்து இறைச்சிக் கடைக்காரர்களே முதலில் கடையடைத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அதன்பின் மே மாதத்தில் தெருவுக்கு வந்தவர்கள் இல்லத்தரசிகள். வீடு வீடாகச் சென்று ஆதரவு திரட்டினார்கள், திறந்திருந்த கடைகளில் புகுந்து இறைச்சியை வீதியில் எறிந்தார்கள் (நான் பரிந்துரைக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்), கைதானார்கள். அதோடு விடவில்லை. முறையிட வேண்டியவர், யூத மறைநூலான தோராவின் வாசிப்பை நிறுத்தித் தம் வழக்கைச் சபைமுன் வைக்கலாம் என்ற பழைய வழக்கத்தைப் பற்றிக்கொண்டு, சனிக்கிழமை வழிபாட்டுக்கு நடுவே ஜெபாலயங்களுக்குள் சென்று ஆண்களிடம் நியாயம் கேட்டார்கள். ஜூன் மாதம் விலை 14 சென்டுக்கு இறங்கியது.

ஏழாண்டு கழித்து, 1909 நவம்பர் 22 அன்று, கூப்பர் யூனியன் அரங்கில் நடந்த தையல் தொழிலாளர் கூட்டத்தில் தலைவர்கள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தபோது, கிளாரா லெம்லிக் என்ற இளம் தையல் தொழிலாளி மேடையேறி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில், பேச்சு போதும், பொது வேலைநிறுத்தம் வேண்டும் என்றார். ஏற்றுக்கொண்ட உறுதியிலிருந்து பிறழ்ந்தால் உயர்த்திய இந்தக் கை உலர்ந்துபோகட்டும் என்று, யூத மரபில் வந்த ஆணையைக் கூட்டத்தினர் கையுயர்த்திச் சொன்னார்கள். சுமார் 20,000 பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், குளிர்காலத்தில் வேலையை நிறுத்தினார்கள். பல நிறுவனங்கள் பணிந்தன. டிரையாங்கிள் என்ற ஆடை ஆலையோ தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தது. அங்கே 1911 மார்ச் 25 அன்று மூண்ட தீயில், வெளியேறும் கதவொன்று பூட்டியிருக்க, 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களின் பெண்கள்.

ஓசையின்றி உழைத்து முன்னேறிய யூதக் குடியேறிகள் என்ற தங்கள் பட்டியலில், ரஷ்யாவிலிருந்து வெறுங்கையோடு வந்து அந்த ஆலைக்கு உரிமையாளர்களான இருவரும் அடக்கம்.