சென்னையைச் சுற்றி நெடுநடைக்கு ஏற்ற பாதைகள் உள்ளனவா?

கோவையிலிருந்து பணிமாற்றலாகிச் சென்னைக்கு வந்திருப்பதாகவும், வாரந்தோறும் மலையேறிப் பழகிய கால்களுக்கு இங்கே வேலையே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உயரம்தான் வேண்டுமென்றால் ஊருக்குள் பரங்கிமலை இருக்கிறது. 1802இல் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் லாம்டன் தம் நில அளவைப் பணிக்கு அடிக்கோடு, அதாவது மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையான நேர்க்கோடு, அளந்தது அதன் அருகில்தான் என்பதற்காகவே ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். ஆனால் அதன் உயரம் சுமார் 300 அடிதான் என்பதால் ஒரு காலைப் பொழுதுக்குக்கூட அது போதாது. சென்னைக்கென்று உள்ள நெடும்பாதை கடற்கரைதான் என்பது என் உறுதியான கருத்து. மாலையில் சுண்டல் வாங்கித் தின்று திரும்பும் கடற்கரையை நான் சொல்லவில்லை. ஒரு முகத்துவாரத்திலிருந்து அடுத்த முகத்துவாரத்தை நோக்கி மணலிலேயே மணிக்கணக்கில் நடக்கக்கூடிய கடற்கரையைச் சொல்கிறேன்.

அந்தப் பாதையை நகரின் தெற்கில்தான் தேட வேண்டும். நம் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு அந்த மணல் அவற்றின் தென்புறத்தில் தங்கி மெரினாவை அகலமாக்கியது. மணல் வரத்து நின்றுபோன வடபுறத்தில் இராயபுரம், காசிமேடு கரைகளைக் கடல் அரித்துவிட்டது. அங்கே இன்று கரையைக் காத்து நிற்பவை கொட்டிவைத்த கருங்கற்கள் என்பதால் தொடர்ந்து நடக்க வழியில்லை.

முதல் நடைக்குப் பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரையிலான ஏறத்தாழ 7 கிலோமீட்டரைப் பரிந்துரைக்கிறேன். திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம் என்று குப்பங்களைத் தாண்டிச் செல்லும் இந்த மணலில்தான், 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் முட்டையிடும் பருவத்தில் இரவு நடை போகிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் அவர்களோடு செல்ல முடியும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரை நீங்கள் இங்கே இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். இங்கே முட்டையிட வரும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) கரையேறிய தடத்தில் இருபுறமும் துடுப்புக்கால்கள் மணலை வாரிய வரிசையும், நடுவே வயிறு இழுபட்ட வழவழப்பான பட்டையும் தெரியும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்திருந்தால், அவர்கள் ஒரு கோலை மெல்ல ஊன்றி, அது சட்டென்று இறங்கும் புள்ளியைத் தேடி, பிறகு கையாலேயே தோண்டுகிறார்கள். ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைகளுக்கு மேல்கூட இருக்கலாம். அவற்றைக் குஞ்சு பொரிப்பகத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள். கைவிளக்கு அடிக்காமல் நடக்கச் சொல்வார்கள். வெளிச்சம் கண்டால் ஆமை கரையேறாமல் திரும்பிவிடும்.

மலைப்பாதையில் இல்லாத ஒரு சிரமம் மணலில் உண்டு. அலை நனைத்து இறுகிய பட்டையில் நடப்பதே எளிது. ஆனால் அந்தப் பட்டை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். தெற்கே போகும்போது இடது கால் எப்போதும் தாழ்ந்தே விழுவதால், இரண்டு மணி நேரத்தில் இடுப்பும் முழங்காலும் ஒருபக்கமாக வலிக்கத் தொடங்கும். பாதித் தூரம் போய் அதே வழியில் திரும்பி வந்தால் சரிவு மறுகாலுக்கு மாறி, வலி பெருமளவு குறைந்துவிடும்.

முகத்துவாரங்களை மட்டும் எளிதாக எண்ணிவிடாதீர்கள். மழை ஓய்ந்து ஆற்று நீர் வற்றிய மாதங்களில் அடையாற்றின் வாயிலும் முட்டுக்காட்டிலும் மணல் திட்டு வளர்ந்து, நடந்தே கடந்துவிடலாம் போலத் தோன்றும். வடகிழக்குப் பருவமழையில் அதே இடம் உடைத்துக்கொண்டு ஓடும். கடலின் ஓதம் (நீர்மட்டம்) ஏறி இறங்கும்போதும் நீர் கடும் வேகத்தோடு பாயும். முழங்கால் அளவுதான் என்று கண்ணால் அளந்து இறங்காதீர்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம், "அண்ணே, முகத்துவாரம் தொறந்திருக்கா?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். அவர் வேண்டாம் என்றால் சாலைக்கு ஏறிப் பாலத்தின் வழியே போவதுதான் முறை. குப்பங்களில் உலரும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். கரைவலை இழுக்கும் நேரமாக இருந்தால் கயிற்றைத் தாண்டாமல் நின்று, வழிவிட்ட பிறகு நடங்கள்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது சாளுவன்குப்பம் புலிக்குகையிலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வரையிலான ஏறத்தாழ 5 கிலோமீட்டர். 2004 ஆழிப்பேரலை மணலை அரித்தபோது வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டைத் தொடர்ந்து அகழ்ந்ததில் புதைந்து கிடந்த செங்கல் முருகன் கோயிலின் அடித்தளம் கிடைத்தது. அது புலிக்குகைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தெற்கே நடந்தால், கடற்கரைக் கோயிலின் இரட்டை விமானங்கள் முதலில் ஒன்றாகவே தெரிந்து, நெருங்க நெருங்கப் பிரிகின்றன. ஜனவரியில் சூரியன் ஆறரை மணியளவில்தான் எழும் என்பதால் விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை கூடவே வருவதால், களைத்தால் குப்பத்துச் சந்து ஒன்றின் வழியே வெளியேறிப் பேருந்து பிடிக்கலாம்.

காடும் பாறையும்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டிக்கு அப்பால் உள்ள குடியம் குகைகளுக்குப் போங்கள். கூழாங்கற்கள் பதிந்த பாறைக் கூரையின் கீழ், பழைய கற்கால மனிதர் வாழ்ந்த இடம் அது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 வழித்தடங்களில் அதுவும் ஒன்று. காப்புக்காடு என்பதால் அனுமதியின்றி நுழையக் கூடாது. இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் செல்லுங்கள். வழியில் நிழல் குறைவு, ஆகவே தண்ணீரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.