வாசகர் கேள்வி–பதில்: கம் பைகுரோமேட் பிரின்ட்

கேள்வி: கம் பைகுரோமேட் பிரின்டில் வெள்ளையாக வர வேண்டிய இடமெல்லாம் நிறம் படிந்துவிடுகிறது. நெகட்டிவ் சரியில்லையா?

பதில்: இந்த முறையில் கம் அராபிக் என்ற பிசின், நிறமி, டைகுரோமேட் (பைகுரோமேட் என்பது இதன் பழைய பெயர்) மூன்றையும் கலந்து காகிதத்தில் பூசுகிறோம்; நெகட்டிவ் வழியே ஒளி பட்ட இடம் இறுகி நிற்கும், படாத இடம் தண்ணீரில் கரைந்துபோகும். நெகட்டிவ் மீது பழி போடும் முன், அதே கலவையை ஒரு துண்டுக் காகிதத்தில் பூசி இருட்டில் காயவையுங்கள். வெளிச்சமே காட்டாமல் தண்ணீரில் கவிழ்த்துப் போடுங்கள். அரை மணி நேரத்தில் அது வெளுக்க வேண்டும்.

வெளுக்காவிட்டால் பெரும்பாலும் சைஸிங், அதாவது காகிதத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு, போதாது. நிறமித் துகள் காகித நாருக்குள் இறங்கிவிடுகிறது. வெந்நீரில் ஊறவைத்துச் சுருக்கிய காகிதத்தில் 3 சதவீத ஜெலட்டின் பூசி, குரோம் ஆலம் கொண்டு கெட்டிப்படுத்துங்கள். அப்படியும் நிறம் நின்றால் நிறமியைக் குறையுங்கள். 100 மி.லி. தண்ணீருக்கு 35 கிராம் கம் அராபிக். இந்தக் கரைசலில் 10 மி.லி.க்கு 1 கிராம் டியூப் வாட்டர்கலர். கம் கரைசல் எவ்வளவோ அவ்வளவு மி.லி. 10 சதவீத பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல். இங்கிருந்து தொடங்கலாம்.

துண்டு நன்றாக வெளுத்து, பிரின்டில் மட்டும் நிறம் படிந்தால், பூசிய தாளைச் சூடாகக் காயவைத்தீர்களா, நெடுநேரம் வைத்திருந்தீர்களா என்று பாருங்கள். காய்ந்த பூச்சு இருட்டிலும் மெல்ல இறுகும். ஈரக்காற்றில் இன்னும் வேகமாக. அன்றே ஒளி காட்டிவிடுவது நல்லது. பழுப்பு மஞ்சளாக நிற்பது டைகுரோமேட் மிச்சம் மட்டுமே. 5 சதவீத பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் சில நிமிடம் போட்டால் போய்விடும்.

கேள்வி: ஒரே பூச்சில் அடர் கறுப்பு எடுக்கப் பார்த்தேன். படம் தோல்போல உரிந்து மிதக்கிறது.

பதில்: பூச்சு தடித்துவிட்டது. ஒளி மேலிருந்து இறுக்கிக்கொண்டு வருகிறது. அடியை எட்டாத இடத்தில் காகிதத்தை ஒட்டியிருக்கும் பகுதி கரைந்துபோய், மேல்தோல் மட்டும் கழன்றுவிடுகிறது. 1855இல் அல்ஃபோன்ஸ் புவாத்வேன் காப்புரிமை பெற்ற, கம்முக்குப் பதில் நிறமி கலந்த ஜெலட்டினைப் பூசும் கார்பன் முறையிலும் இடைச்சாயல்கள் கழுவிப்போனது இதனால்தான். 1864இல் ஜோசப் ஸ்வான் அதற்கு வழி கண்டார்: ஒளி காட்டிய நிறமி ஜெலட்டினை வேறொரு தாளில் முகம் கவிழ்த்து ஒட்டி, வெதுவெதுப்பான நீரில் பழைய தாளை உரித்து, கரையும் அடிப்பக்கத்திலிருந்தே டெவலப் செய்வது. ஒரே மாற்றலோடு நிறுத்தினால் படம் இடம் வலம் மாறிவிடும் என்பது மட்டும் தொல்லை.

கம் முறையில் அந்த வசதி இல்லை. மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை அடியுங்கள். ஒவ்வொரு முறையும் நெகட்டிவ் அதே இடத்தில் உட்கார, ஓரங்களில் குண்டூசித் துளைகள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டைகுரோமேட் அவ்வளவு ஆபத்தா?

பதில்: ஆமாம். அதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட, நச்சான குரோமியம்; தூளைச் சுவாசித்தால் புற்றுநோய் வரக்கூடும், தோலில் பட்டால் தீராத ஒவ்வாமை வரலாம். நைட்ரைல் கையுறை, தூளை நிறுக்கும்போது முகக்கவசம் இரண்டும் கட்டாயம். மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடிய புட்டியில் சேர்த்து ரசாயனக் கழிவாக ஒப்படையுங்கள்.