கேரட் பாத்தியில் வந்த பாம்பு

வணக்கம் சார்,

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கேரட் தோட்டம் இருக்கிறது. போன வாரம் பாத்தி கொத்தும்போது விரல் தடிமனில் பழுப்பாக ஒரு சின்னப் பாம்பு வந்தது. தலை எது, வால் எது என்றே தெரியவில்லை. வால் நுனியில் முள் மாதிரி ஏதோ இருந்தது. வேலைக்கு வந்த அக்கா, "விரியன் குட்டி, வால்ல கொடுக்கு இருக்கு, கொட்டிடும்" என்று மண்வெட்டியால் அடித்துவிட்டார். பக்கத்தில் நின்ற என் மகள் "அது என்னப்பா பண்ணுச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அது என்ன பாம்பு? நான் தடுத்திருக்க வேண்டுமா?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். அது மண்ணுக்குள் மண்புழு தின்றுகொண்டிருந்தது, வேறெதுவும் செய்யவில்லை.

நீங்கள் சொல்கிற அடையாளங்கள் பெரோட்டெட் கேடயவால் பாம்புக்குப் பொருந்துகின்றன. புதுச்சேரியில் வேலை பார்த்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெரோட்டெட்டின் பெயரை 1854-ல் இதற்கு வைத்தார்கள். நீலகிரியில் சோலை மண்ணில் மட்டுமல்ல, காய்கறித் தோட்டத்திலும் எருக்குழியிலும்கூட இருக்கும். விஷம் கிடையாது. வால் நுனியில் இருப்பது கொடுக்கு இல்லை, கெட்டியான ஒரு செதில்தான், அதில் கூர் இருக்கும், ஆனால் எந்தப் பாம்பும் வாலால் கொட்டுவதில்லை. இதன் உறவுக்காரப் பாம்புகள் சிலவற்றுக்கு வாலைச் சாய்வாக வெட்டிவிட்ட மாதிரி ஒரு தட்டு இருக்கும், அதில் மண் அப்பிக்கொண்டு பின்னால் வளையை அடைத்துவிடும், கேடயவால் என்ற பெயரே அதனால்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள், அத்தனையும் இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டும்தான், உலகத்தில் வேறெங்கும் இல்லை.

குன்னூரில் ஒரு நண்பர் வீட்டு எருக்குழியில் ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறேன். கடிக்கவே முயலவில்லை, என் விரல்களுக்கு நடுவே தலையை நுழைத்து முட்டிக்கொண்டே இருந்தது, அவ்வளவு சின்ன உடம்புக்கு அந்தப் பலம் என்னை மிரள வைத்தது. அது எப்படி என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். தோலுக்கு உள்ளேயே முதுகெலும்பை வளைத்து வளைத்து மடிக்கும், உடம்பின் முன்பகுதி பருத்து வளைச்சுவரில் இறுகிக்கொள்ளும், அந்தப் பிடிமானத்தில் தலையை முன்னே தள்ளும். முன்பகுதித் தசை மட்டும் கருஞ்சிவப்பாக, களைக்காமல் உழைக்கிற தசையாக இருக்கும், பின்பகுதித் தசை வெளுத்திருக்கும். கண் ஒரு புள்ளி அளவுதான். முட்டையிடாமல் குட்டி போடும்.

அந்த அக்கா மேல் கோபப்படாதீர்கள். உங்கள் மலையில் குதிரைலாட விரியன் என்று நிஜமாகவே ஒரு சின்ன விரியன் உண்டு, அதுவும் பழுப்புதான், அதற்கு விஷம் உண்டு, எனவே அவர் பயம் காரணமில்லாத பயம் இல்லை. ஆனால் விரியனுக்குத் தலை கழுத்தைவிட அகலமாக முக்கோணமாக இருக்கும், கண்ணும் தெளிவாகத் தெரியும். தலை எது வால் எது என்று நீங்களே குழம்பினீர்களே, விரியனைப் பார்த்து அப்படி யாரும் குழம்ப மாட்டார்கள்.

தடுத்திருக்க வேண்டுமா என்றால், ஆமாம், தடுத்திருக்க வேண்டும். நீங்கள் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். அடுத்த முறை வந்தால் கையால் தொட வேண்டாம். மண்வெட்டியில் மண்ணோடு சேர்த்து அள்ளி, வரப்போரம் நிழலாக, ஈரமாக இருக்கிற இடத்தில் விட்டுவிடுங்கள். வெயிலில் போட்டால் காய்ந்துவிடும். பொலபொலவென்று இருக்கிற மண்ணாகப் பார்த்து விட்டால் சீக்கிரமே உள்ளே போய்விடும். மகளையும் அந்த அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், அது தலையைக் குத்தி மண்ணுக்குள் இறங்குவதை அவர்களும் பார்க்கட்டும்.