அமெரிக்காவின் டெவ்ரை பல்கலைக்கழகத்தை லாப நோக்குப் பல்கலைக்கழகம் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

கட்டணத்தில் மிஞ்சும் பணம் உரிமையாளருக்குப் போகும் என்பதுதான் பொருள். அறக்கட்டளை ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி மாதிரி: இரண்டிலும் ஃபீஸ் உண்டு, மிச்சம் போகும் இடம்தான் வேறு.

1931இல் சிகாகோவில் ஹெர்மன் டெவ்ரை தொடங்கியபோது இது புரொஜெக்டர், ரேடியோ பழுதுபார்க்கக் கற்றுத்தரும் பள்ளி. அப்புறம் டிவி, எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், வணிக நிர்வாகம். எந்த வேலைக்கு ஆள் தேவையோ அந்தப் படிப்பு. மாணவர் சேர்ந்தால்தானே வருமானம்! 2002இல் பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது.

சேர்க்கைக்கான விளம்பரம்தான் சிக்கலில் மாட்டிவிட்டது. வேலை தேடிய பட்டதாரிகளில் 90 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் தங்கள் துறையிலேயே வேலை கிடைத்தது என்றார்கள். அது தவறான தகவல் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் (FTC) வழக்குப் போட, 2016இல் 10 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

லாப நோக்கு என்றாலே போலிப் பட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் டெவ்ரைக்கு முறையான அங்கீகாரம் உண்டு.